கரு உருவாகுமுன் தொடங்க வேண்டிய குளிசை: நீரிழிவுள்ள பெண்களும் போலிக் அமிலமும்

(பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)



பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நீரிழிவு என்ற சொல் ஒலிக்காத வீடு அரிது. ஊரில் மூத்தோர் இதனைச் சலரோகம் என்றனர். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது என்றும், சீனியைக் குறைத்தால் அடங்கிவிடும் என்றும் அதனோடு பழகிப் போயினர். இன்று நிலைமை வேறு. தெற்காசிய வழியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஐரோப்பியரைவிட இளைய வயதிலேயே வருகிறது. உடல் பருமன் அவ்வளவாக இல்லாதவர்களுக்கும் வருகிறது. முப்பது வயதில், சிலருக்கு அதற்கும் முன்னரே, அதாவது பிள்ளை பெறும் வயதிலேயே ஒரு பெண் நீரிழிவோடு வாழ நேரிடுகிறது. அத்தகைய பெண் கருவுறுமுன் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் சில உள்ளன. அவற்றுள் மிக எளியதும், மிக மலிவானதும், ஆயினும் பலரும் தவறவிடுவதுமான ஒன்றைப் பற்றியதே இவ்வுரை. அது போலிக் அமிலக் குளிசை.

கருவுற்ற பெண்கள் போலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்த செய்தியே. தெரியாமற் போவது இரண்டு. முதலாவது, அதனைக் கருவுற்ற பின்னர் அல்ல, கருவுறுமுன்னரே தொடங்க வேண்டும் என்பது. இரண்டாவது, நீரிழிவுள்ள பெண்ணுக்குக் கடையில் கிடைக்கும் வழக்கமான குளிசையின் அளவு பிரித்தானிய மருத்துவ வழிகாட்டலின்படி போதாது என்பது.

நாட்காட்டி சொல்லும் கணக்கு

ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு ஜனவரி 1ஆம் நாள் தொடங்கியதாக வைத்துக்கொள்ளலாம். இருபத்தெட்டு நாள் சுழற்சி உடையவர் எனில் ஜனவரி 15ஆம் நாளை ஒட்டிக் கரு உருவாகிறது. அன்று அவருக்கு எதுவும் தெரியாது. ஜனவரி 29ஆம் நாள் வரவேண்டிய மாதவிலக்கு வரவில்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கிறார். பிறகு மருந்தகத்தில் சோதனைக் குச்சி வாங்குகிறார். கணவரிடம் சொல்கிறார். குடும்ப வைத்தியரின் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, நாள் கேட்டு, ஒருவாறாக மருத்துவிச்சியின் முன் போய் உட்காரும்போது பெப்ரவரி மாதம் பாதி கடந்திருக்கும்.

இனிக் கருவின் கணக்கைப் பார்ப்போர் வியப்படைவர். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் தொடக்கத்தில் ஒரு தட்டையான இழையமாக இருந்து, இரு ஓரங்களும் மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு குழாயாக மூடிக்கொள்கின்றன. இதுவே நரம்புக்குழாய். கரு உருவான நாளிலிருந்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் இந்த மூடல் முடிந்துவிடுகிறது. மேற்சொன்ன பெண்ணுக்கு அந்நாள் பெப்ரவரி 12 ஆகும். மேற்பகுதி மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாவதில்லை; அத்தகைய பிள்ளை பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு உண்டாகிறது. அதன் விளைவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். கால்கள் வலுவிழத்தல், சிறுநீர், மலக் கட்டுப்பாடு இன்மை, மூளையில் நீர் தேங்குதல் என நீளும்.

கணினித் துறையில் ஒரு மென்பொருளை வெளியிட்ட பின்னரும் பிழையைத் திருத்திப் புதிய பதிப்பை அனுப்பிவிட முடிகிறது. நரம்புக்குழாய்க்கு அந்த வசதி இல்லை. மாதவிலக்குத் தள்ளிப்போனதை ஒரு பெண் உணர்வதற்கும் குழாய் மூடி முடிவதற்கும் இடையில் இருப்பது இரண்டே வாரங்கள். உடலில் போலேற்றின் அளவு போதிய நிலைக்கு உயர்வதற்கோ வாரக்கணக்கில் காலம் எடுக்கிறது. ஆகவே முதல் மருத்துவச் சந்திப்பில் எழுதித் தரப்படும் குளிசை, நரம்புக்குழாயைப் பொறுத்தவரை பெரும்பாலும் பிந்தி வந்த குளிசையே.

ஒரு இலைச்சத்தின் வரலாறு

இந்தச் சத்தின் வரலாற்றில் தெற்காசியாவுக்குப் பெரும் பங்குண்டு என்பது பலரும் அறியாதது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்குச் சென்று, அங்கிருந்த துணி ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களைத் தாக்கிய கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ற்றுச் சாற்றினால், அதாவது ஆங்கிலேயர் பாணில் பூசி உண்ணும் மார்மைட்டினால், அந்தச் சோகை குணமாவதை 1931இல் வெளியிட்டார். அதனுள் இருந்த பெயர் தெரியாத பொருள் நெடுங்காலம் வில்ஸ் காரணி என்றே அழைக்கப்பட்டது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்பினாச் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1940களின் நடுப்பகுதியில் அதனை ஆய்வுகூடத்தில் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கு வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். பிரித்தானியாவில் ஒரு தமிழ்ப்பெண்ணின் கைக்கு வரும் அந்தச் சிறு குளிசையில் பம்பாயும் சென்னையும் கலந்திருக்கின்றன.

போலேற்றுக்கும் பிறவிக்குறைக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தை 1960களில் முதலில் எழுப்பியவர்களுள் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸ் என்ற பிரித்தானியக் குழந்தை மருத்துவர் முக்கியமானவர். ஆயினும் ஐயம் வேறு, சான்று வேறு. சான்றை உறுதியாக்கியது பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் பரிசோதனை. நிக்கலஸ் வால்ட் தலைமையில் 7 நாடுகளின் 33 நிலையங்களில் 1,817 பெண்கள் அதில் பங்கேற்றனர். நரம்புக்குழாய்க் குறையுள்ள கரு ஏற்கெனவே ஒருமுறை உருவான பெண்கள் அவர்கள். அக்குறை மீண்டும் நேரும் ஆபத்து அவர்களுக்கு மிகுதி. குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்து, இரு குழுக்களுக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் போலிக் அமிலம் கொடுக்கப்பட்டது. முடிவு தெரிந்த 1,195 கருவளர்ச்சிகளில் 27இல் குறை காணப்பட்டது. அவற்றுள் போலிக் அமிலம் பெற்ற குழுக்களில் நேர்ந்தவை 6. பெறாத குழுக்களில் நேர்ந்தவை 21. தடுப்புப் பயன் 72 விழுக்காடு. இதன் பின்னரும் சிலருக்குக் கொடாமல் விடுவது முறையன்று என்பதால் 1991இல் அந்தப் பரிசோதனை இடைநிறுத்தப்பட்டது. மருத்துவ உலகில் இவ்வளவு தெளிவான விடை அடிக்கடி கிடைப்பதில்லை.

அதன் அடுத்த ஆண்டு ஹங்கேரியில் எண்ட்ரே சைசல் குழுவினர், முன்பு அத்தகைய குறை நேராத பெண்களிடத்தும் 0.8 மில்லிகிராம் போலிக் அமிலம் அடங்கிய விற்றமின் கலவை முதல் நிகழ்வையே தடுப்பதைக் காட்டினர். அதன் பயனாகவே கருவுற எண்ணும் எல்லாப் பெண்களும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம், உட்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை பிரித்தானியாவில் 1992இல் வந்தது.

நீரிழிவுள்ளவருக்கு ஏன் 5 மில்லிகிராம்?

கருவுறும் வேளையில் தாயின் இரத்தத்தில் சீனி மிகுந்திருந்தால் அது கருவையும் சென்றடைகிறது. உறுப்புகள் உருவாகும் அந்த முதல் வாரங்களில் மிகையான சீனி கருவின் உயிரணுக்களில் ஒட்சியேற்ற அழுத்தத்தை உண்டாக்கி, நரம்புக்குழாய் மூடுவதற்குத் தேவையான மரபணு தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதை பொஸ்டன் ஜொஸ்லின் நீரிழிவு நிலையத்து ஆய்வாளர்கள் எலிக்கருக்களில் காட்டியுள்ளனர். வட இங்கிலாந்தில் 1996 முதல் 2008 வரையான பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வொன்று, கருவுறுமுன்னரே நீரிழிவுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் பெரும் பிறவிக்குறைகள் மற்றையோரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. இதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அதே ஆய்வில் அத்தகைய குறை நேர்ந்தது நூற்றுக்கு ஏழு அளவிலேயே. தொண்ணூற்று மூவருக்கு நேரவில்லை.

இந்த மிகையான ஆபத்தின் காரணமாகவே, நீரிழிவுள்ள பெண்கள் கருவுறத் திட்டமிடும் காலத்திலிருந்து கருவுற்ற 12ஆவது வாரம் முடியும்வரை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் போலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என நைஸ் எனப்படும் தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் கூறுகிறது. முதலாம் வகையா, இரண்டாம் வகையா என்ற வேறுபாடு இதில் இல்லை. 400 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால் இது பன்னிரண்டரை மடங்கு.

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரிழிவுள்ள பெண்களை மட்டும் கொண்டு 5 மில்லிகிராமையும் 0.4 மில்லிகிராமையும் ஒப்பிட்ட பெரும் பரிசோதனை எதன்மீதும் இந்த அறிவுரை கட்டப்படவில்லை. மிகுந்த ஆபத்துள்ள பெண்களிடம் 4 மில்லிகிராம் பயன்பட்டது. நீரிழிவுள்ளவருக்கும் ஆபத்து மிகுதி. 5 மில்லிகிராம் குளிசை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. இவற்றைக் கூட்டிப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு இது. அதனாலேயே நாட்டுக்கு நாடு அளவு மாறுகிறது. கனடிய நீரிழிவு வழிகாட்டல் 2018இல் 1 மில்லிகிராம் என்றது. கருவுறுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னரே தொடங்கச் சொன்னது. அவுஸ்திரேலிய வழிகாட்டல் 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை என்றது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் குறைந்தது 400 மைக்ரோகிராம் என்பதோடு நிற்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் தங்கையும் இலண்டனில் இருக்கும் அக்காவும் தொலைபேசியில் குளிசையின் அளவை ஒப்பிட்டுக் குழம்புவதற்கு இடமுண்டு. அவரவர் நாட்டு மருத்துவர் சொல்வதைப் பின்பற்றுவதே சரி. அளவில் வேறுபாடு இருப்பினும், கருவுறுமுன் தொடங்க வேண்டும் என்பதில் எந்த நாட்டிலும் வேறுபாடு இல்லை.

கடையில் கிடைக்காத குளிசை

400 மைக்ரோகிராம் குளிசையை எந்த மருந்தகத்திலும், பேரங்காடியிலும் தாமாகவே வாங்கிவிடலாம். 5 மில்லிகிராம் குளிசைக்கு மருத்துவரின் மருந்துச்சீட்டு வேண்டும். அதாவது, பிள்ளை பெற விரும்புகிறோம் என்பதை ஒரு பெண் தன் குடும்ப வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ வாய்திறந்து சொன்னால் ஒழிய அந்தக் குளிசை கைக்கு வராது. பணம் ஒரு தடையே அல்ல. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்திலும் நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் கட்டண விலக்குச் சான்றிதழ் பெற்றால் எல்லா மருந்தும் இலவசம். உணவுக்கட்டுப்பாட்டை மட்டும் கைக்கொள்வோருக்கே அது இல்லை. தடையாக நிற்பது அந்தப் பேச்சுத்தான்.

இலங்கையில் வேறொரு ஒழுங்கு உண்டு. அங்கே குடும்பநல மாது புதுமணத் தம்பதியரைத் தம் பதிவேட்டில் சேர்த்து, பிள்ளை உண்டாகுமுன்னரே போலிக் அமிலம் கிடைக்கச் செய்யும் முறை அரச சுகாதார சேவையில் உள்ளது. அந்த நாட்டின் தாய்சேய் நலச் சேவை வீட்டுவாசல்வரை வருவது. அதில் பழகி வந்தவர்கள் பிரித்தானியாவிலும் யாரோ தம்மைத் தேடி வருவார்கள் என்று காத்திருப்பது இயல்பே. இங்கு மருத்துவிச்சி வருவது கருவுற்ற பின்னர்தான். அதற்கு முந்திய காலத்துக்கென்று எவரும் கதவைத் தட்டுவதில்லை.

விளைவை எண்கள் காட்டுகின்றன. இங்கிலாந்தில் 1999 முதல் 2012 வரை கருப்பரிசோதனைக்கு வந்த ஏறத்தாழ நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், கருவுறுமுன் போலிக் அமிலம் எடுத்தவர்கள் தொடக்க ஆண்டுகளில் 35 விழுக்காடாக இருந்து, இறுதியில் 31 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். தெற்காசியப் பெண்களிடையே அது ஏறத்தாழ 20 விழுக்காடே. ஐவரில் ஒருவர்! இவர்கள் எல்லாப் பெண்களும்; நீரிழிவுள்ளோர் மட்டுமல்லர்.

நீரிழிவுள்ளோரின் நிலையை இங்கிலாந்து, வேல்ஸ் தேசியக் கணக்கெடுப்பு பதிந்து வருகிறது. 2014 முதல் 2018 வரை அதில் இடம்பெற்ற 17,375 கருவளர்ச்சிகளில் முதலாம் வகையும் இரண்டாம் வகையும் சரிபாதி. முன்னொரு காலத்தில் நீரிழிவும் கருவும் என்றால் சிறுவயதிலிருந்தே இன்சுலின் ஏற்றும் முதலாம் வகைப் பெண்களே நினைவுக்கு வருவர். அவர்கள் மருத்துவமனை நிபுணரின் கண்காணிப்பில் வளர்ந்தவர்கள்; கருவுறுமுன் ஆயத்தம் என்ற பேச்சு அவர்கள் காதில் ஒருமுறையாவது விழுந்திருக்கும். இரண்டாம் வகைப் பெண்களோ பெரும்பாலும் குடும்ப வைத்தியரிடமே மெட்போர்மின் வாங்கிச் செல்பவர்கள். அந்த நிலையத்தில் நீரிழிவு என்றால் முதியோர் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் ஓரளவு தங்கியிருக்கிறது. கால், கண், கொலஸ்ரரோல் எல்லாம் பார்ப்பர். பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்க மறந்துவிடுவர். அக்கணக்கெடுப்புகளில் கருவுறுமுன் 5 மில்லிகிராம் எடுத்தோர் முதலாம் வகையிலேயே பாதியை எட்டவில்லை; இரண்டாம் வகையில் அதனினும் மிகக் குறைவு. இரண்டாம் வகையினருள் ஆசியப் பெண்களும் வறுமைப்பட்ட பகுதிகளில் வாழும் பெண்களுமே மிகுதி.

வீட்டுக்குள் இருக்கும் தடை

குறையை மருத்துவச் சேவையின் மீது மட்டும் போட்டுவிடுவது நேர்மையாகாது. தமிழ் வீடுகளில் கருவைப் பற்றிய பேச்சு கரு உண்டான பின்னரே தொடங்குகிறது. அதுவும் மூன்று மாதம் நிறையும்வரை வெளியில் சொல்வதில்லை. பிள்ளைக்காகக் காத்திருக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்வது கண்ணூறு படும் காரியமாகவும், நாணத்துக்குரியதாகவும் கருதப்படுகிறது. அந்தப் பண்பாட்டில் அழகுண்டு. பல குடும்பங்களை அது காத்தும் இருக்கிறது. ஆனால் வைத்தியரின் அறை அதற்கு விலக்காக வேண்டும்.

இதனினும் கடினமானது நீரிழிவையே மறைப்பது. சாதகப் பொருத்தம் பார்க்கும் இடத்தில் பெண்ணின் நோயைச் சொன்னால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். திருமணத்தின் பின் அந்தப் பெண் மெட்போர்மினைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்து எடுக்கிறாள். மாமி கேட்டால் விற்றமின் என்கிறாள். அல்லது எடுப்பதையே விட்டுவிடுகிறாள். திருமணமான புதிதில் நாள்தோறும் ஒரு குளிசை எடுக்கும் பெண் கருத்தடைக் குளிசை எடுக்கிறாள் என்று ஐயுறும் வீடுகளும் உண்டு. பிள்ளைக்காக எடுக்கும் குளிசையைப் பிள்ளை வேண்டாமென்று எடுப்பதாக எண்ணிவிடுவதைப் போன்ற முரண் வேறு இருக்க முடியாது. நீரிழிவை மறைத்துச் செய்யும் திருமணத்தில் ஏமாறுவது மாப்பிள்ளை வீட்டார் மட்டும் அல்லர்.

கருக்கால நீரிழிவு வந்து, முதற் பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிட்டது என்று மகிழும் பெண்களும் இந்தக் கதைக்குள் வருகின்றனர். அவர்களுள் பலருக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது. ஆண்டுதோறும் ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அதனாலேயே. இரண்டாவது பிள்ளைக்கு எண்ணும்போது தமக்கு நீரிழிவு இருப்பதே தெரியாத ஒருவர் 400 மைக்ரோகிராம் போதும் என்றே நினைத்திருப்பார்.

கீரையும் சோறும் போதாதா?

இக்கேள்வி தவறாமல் எழும். முளைக்கீரை, பயறு, கடலை, உழுந்து ஆகியவற்றில் போலேற்று உண்டு. ஆயினும் அது நீரில் கரைவது, சூட்டில் அழிவது. கீரையை நெடுநேரம் அவித்து நீரை வடித்தால் அதனோடு போலேற்றும் போய்விடும். நல்ல உணவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. பரிசோதனைகளில் பயன் கண்ட அளவை உணவினால் மட்டும் எட்ட இயலாது.

மாவில் போலிக் அமிலம் கலக்கும் திட்டத்தையும் சிலர் நம்பியிருக்கக்கூடும். அமெரிக்காவும் கனடாவும் 1998இலேயே அதனைக் கட்டாயமாக்கின. அவுஸ்திரேலியா 2009இல் பாண் மாவுக்குக் கட்டாயமாக்கியது. தடுப்புப் பயனை உலகுக்குக் காட்டிய பரிசோதனையை நடத்திய பிரித்தானியாவோ, 1991இலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆலோசித்து, 2024இல்தான் சட்டம் இயற்றியது. 100 கிராம் மாவுக்கு 250 மைக்ரோகிராம் என்ற அளவு. ஆலைகளுக்கு 2026 டிசம்பர் வரை அவகாசம். இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நரம்புக்குழாய்க் குறைகள் தவிர்க்கப்படும் என்பது அரசின் மதிப்பீடு. நல்ல சட்டம், மிகவும் பிந்திய சட்டம். ஆனால் அது தவிடு நீக்கிய கோதுமை மாவுக்கு மட்டுமே உரியது. முழுக்கோதுமை மாவு அதற்குள் வராது. அரிசியும் அரிசிமாவும் வரா. காலையில் இடியப்பம் அல்லது தோசை, மதியம் சோறு, இரவில் ஆட்டா மாவில் சுட்ட ரொட்டி என்று உண்ணும் வீட்டுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீரிழிவுக்காக வெள்ளைப் பாணை விட்டு முழுத்தானியத்துக்கு மாறியவர்களுக்கு இன்னும் குறைவு. எவ்வாறாயினும், மாவில் கலக்கும் அளவு 5 மில்லிகிராமுக்கு ஈடாகாது.

வேறொரு குறுக்குவழியையும் தவிர்க்க வேண்டும். 400 மைக்ரோகிராம் கொண்ட பல்விற்றமின் குளிசைகளைப் பன்னிரண்டு விழுங்கினால் ஏறத்தாழ 5 மில்லிகிராம் ஆகிவிடுமே என்று கணக்குப் போடுவது பேராபத்து. அத்தகைய குளிசைகள் சிலவற்றில் விற்றமின் ஏ உண்டு. அது மிகுந்தால் அதுவே பிறவிக்குறையை உண்டாக்கும்.

மெட்போர்மின் எடுப்போர் கவனிக்க

மெட்போர்மினை நெடுங்காலம் எடுப்போருக்கு விற்றமின் பி12 குறையக்கூடும். மச்சம் மாமிசம் உண்ணாதோருக்கு அது முன்னமே குறைவாக இருக்கலாம். மிகுந்த அளவு போலிக் அமிலம், பி12 குறைவினால் வரும் இரத்தச்சோகையை மறைத்துவிடும். நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். சைவ உணவினரும் மெட்போர்மின் எடுப்போரும் நிறைந்த சமூகத்துக்கு இது சிறு குறிப்பு அன்று. 5 மில்லிகிராம் கேட்கும்போதே பி12 இரத்தப் பரிசோதனையையும் கேட்டுக்கொள்வது நல்லது. பி12 குறைந்திருந்தால் அதற்கும் மருந்து உண்டு. போலிக் அமிலத்தைக் கைவிட அது காரணமாகாது.

குளிசை மட்டும் போதுமா?

போதாது. நீரிழிவினால் கருவில் நேரும் குறைகளில் மிகுதியானவை இதயக் குறைகள். போலிக் அமிலத்தின் உறுதியான சான்று நரம்புக்குழாய்க்கே உரியது. மேலே சொன்ன வட இங்கிலாந்து ஆய்வில், எச்.பி.ஏ.1.சி. அளவு 6.3 விழுக்காட்டுக்கு மேல் ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் குறைக்கான வாய்ப்பு 30 விழுக்காடு கூடியது. எனவே பாதுகாப்பாக இயலுமெனில் 6.5 விழுக்காட்டுக்கு, அதாவது புதிய அலகில் 48க்கு, கீழே கொண்டுவந்த பின் கருவுற வேண்டும் என்றும், 10 விழுக்காட்டுக்கு, அதாவது 86க்கு, மேல் இருந்தால் அது இறங்கும்வரை கருவுறுவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் நைஸ் கூறுகிறது. இலக்கை எட்ட இயலாதோருக்கும் ஒரு செய்தி உண்டு: எவ்வளவு குறைத்தாலும் அவ்வளவு ஆபத்துக் குறைகிறது. அதுவரை கருத்தடையை நிறுத்தக்கூடாது.

எடுக்கும் மற்ற மருந்துகளையும் பார்க்க வேண்டும். கொலஸ்ரரோலுக்கான ஸ்ரற்றின், இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தரப்படும் ரமிப்பிரில், லொசாட்டன் போன்றவை கருவுக்கு ஆகாதவை. அவற்றை மருத்துவர் மாற்றித் தருவார். எடைகுறைப்புக்கும் நீரிழிவுக்கும் இன்று பரவலாக ஏற்றப்படும் செமகுளுற்றைட் ஊசியைக் கருவுறுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னரே நிறுத்த வேண்டும். அந்த ஊசியால் எடை குறைந்ததும், நெடுநாள் கருவுறாதிருந்த பெண்கள் எதிர்பாராமல் கருவுறுவதும் உண்டு. மெட்போர்மினையும் இன்சுலினையும் பொதுவாகத் தொடரலாம். எதனையும் தாமாக நிறுத்துவது கூடாது. கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் கருவுறுமுன் பரிசோதிக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், ஏற்கெனவே கருவுற்றிருக்கும் ஒரு பெண் இந்த அவையில் இருந்தால் அவர் மனம் கலங்கக்கூடும். கலங்க வேண்டியதில்லை. பிரித்தானியாவில் முழுத் திட்டத்தோடு அமையும் கருவளர்ச்சிகள் ஏறத்தாழ பாதியே. அறிந்த அன்றே மருத்துவரைத் தொடர்புகொண்டு, 12ஆவது வாரம் முடியும்வரை 5 மில்லிகிராமை எடுக்கலாம். நீரிழிவும் மகப்பேறும் சேர்ந்த மருத்துவமனைச் சிகிச்சையகத்துக்கு உடனே அனுப்பும்படி கேட்க அவருக்கு உரிமையுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் குறையின்றியே பிறக்கின்றனர்.

ஏனையோர் வைத்தியரிடம் என்ன சொல்வது? நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். "எனக்கு நீரிழிவு உண்டு. பிள்ளை பெற எண்ணுகிறேன். 5 மில்லிகிராம் போலிக் அமிலம் எழுதித் தாருங்கள். என் மற்ற மருந்துகளையும், எச்.பி.ஏ.1.சி., பி12 அளவுகளையும் பாருங்கள்." இந்த நான்கு வாக்கியங்களும் போதும். ஆங்கிலம் வராதவர் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தேசிய சுகாதார சேவை கட்டணமின்றி ஒழுங்கு செய்யும். முன்பதிவின்போதே சொல்லிவைக்க வேண்டும். மாமியையோ பத்து வயது மகனையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது இவ்விடயத்தில் பொருந்தாது. கணவர் உடன் செல்வது மிக நன்று. திருமணம் நிச்சயமான நீரிழிவுள்ள பெண்கள் அதற்கு முன்னரே இந்தச் சந்திப்பை முடித்துக்கொள்ளலாம். திருமண அழைப்பிதழ் அச்சாகும் மாதம் அதற்கு ஏற்ற மாதம்.